சாம்பாரில் மீன், பாயசத்தில் எலி

மக்களே, கொஞ்ச நாளா ஒரு மேட்டர் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எங்கயாவது இறக்கி வைக்கலைன்னா தூக்கம் வராது போல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

மேட்டர் டெல்லி கணேஷ் பத்தி.

"அட, அந்த மாமாவா? அய்யர் வேஷத்துல வருவாரே, அவரா?"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. அதேதான். அந்த "அட, அந்த மாமாவா" மேலதான் எனக்குக் கோவமே. ரொம்ப நாள் நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், அதனால முதல் கோவம் என் மேல. 2024 நவம்பர் 9ஆம் தேதி ராத்திரி அவர் தன்னோட 80வது வயசுல தவறினப்போ என் போனுக்கு வந்த இரங்கல் செய்திகள்ல பாதிக்கு மேல ஒரே காட்சிதான். மைக்கேல் மதன காமராஜன், சாம்பார், மீன். 400 படத்துக்கு மேல நடிச்ச மனுஷனுக்கு ஒரு மீன் போதும்னு நாம எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம்.

சரி, அந்த மீன்லருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீட்ல கொசுவத்தி சுத்தினா அந்தப் படம் இல்லாம சுத்தாது. டிவியில எப்ப போட்டாலும் நானும் தங்கச்சியும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவோம். அம்மா கரண்டியோட வந்து கதவு ஓரமா நிப்பாங்க. மீன் சீன் வந்ததும் வீடே அதிரும். எங்கப்பா மட்டும் சிரிக்க மாட்டார். மத்த சீனுக்கெல்லாம் நல்லா சிரிப்பார், அவிநாசியா வர்ற நாகேஷுக்கு விழுந்து விழுந்து சிரிப்பார். சரியா இந்த சீன் வர்றப்ப எழுந்து திண்ணைக்குப் போயிடுவார். பெரியவங்களுக்கு ரசனை இல்லைன்னு நாங்களா முடிவு பண்ணிக்கிட்டோம் :)

காலேஜ் படிக்கிறப்ப ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏம்ப்பா, இந்த சீன் உங்களுக்குப் பிடிக்காதா?"

"அந்த ஆளு மொகத்தைப் பாருடா. உனக்கு எப்படிடா சிரிப்பு வருது?"ன்னார்.

அவ்ளோதான் சொன்னார். எனக்குப் புரியலை. ஆனா அதுக்கப்புறம் அந்த சீன் எப்ப வந்தாலும் நான் கமலைப் பாக்குறதை விட்டுட்டு மணி அய்யரைப் பாக்க ஆரம்பிச்சேன். அங்கதான் எனக்கு டெல்லி கணேஷ் கிடைச்சார்.

நீங்களும் ஒரு தடவை அப்படிப் பாத்துட்டு வாங்களேன். படம் 1990ல வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம். நாலு கமல். ஒரு கமலோட நடிச்சாலே பக்கத்துல நிக்கிறவர் காணாமப் போயிடுற காலம் அது. இதுல நாலு பேர்! நாலுல ஒருத்தர் சமையல்காரர் காமேஸ்வரன். அவரை வளர்த்தவர் பாலக்காட்டு மணி அய்யர். கல்யாண சமையல்ல சாம்பாருக்குள்ள மீன் விழுந்துடுது. எப்படி விழுந்துச்சுங்கிற கதை படம் பாத்த உங்களுக்கே தெரியும். நம்ம கவனம் அதுக்கப்புறம் நடக்குறதுல.

கமல் திக்கித் திணறி விஷயத்தைச் சொல்றார். சிரிப்பு எங்கருந்து வருது? சொல்றவர்கிட்டருந்துன்னு நினைச்சிக்கிட்டு இருக்கோம். இல்லைங்க, கேக்குறவர்கிட்டருந்து வருது. காதுல விழுந்தது நிஜமா இருக்கக் கூடாதேங்கிற தவிப்பு, நிஜம்தான்னு புரியறப்போ வர்ற நடுக்கம், அதை வெளியில யாருக்கும் காட்டிடக் கூடாதேங்கிற பதட்டம். இதெல்லாம் அந்த ஒரு முகத்துல அடுத்தடுத்து வந்து போகுது. காமேஸ்வரனுக்கு அது ஒரு சிக்கல், அவ்ளோதான். மணி அய்யருக்கு வாழ்நாள் பூரா கரண்டி பிடிச்சு சம்பாதிச்ச பேரு. இன்னொரு கல்யாணத்துக்கு யாராவது கூப்பிடுவாங்களா? ஊர் என்ன பேசும்? அந்தக் கணக்கு பூரா அந்தக் கண்ணுக்குள்ள ஓடுது. நாம சிரிக்கிறோம். எங்கப்பா எழுந்து போயிட்டார்.

நான் சொல்ல வந்ததை இங்கயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் இழுக்க வேணாம். டெல்லி கணேஷ் பண்ணின காமெடி, ஜோக் சொல்ற காமெடி இல்லை. நடுத்தர வர்க்கத்து ஆம்பளைக்கு இருக்கிற மானம் போயிடுமோங்கிற பயம்தான் அவரோட சரக்கு. அந்தப் பயத்தை அவர் ஒரு நாளும் கேலியா நடிக்கலை, நெசமா நடிச்சார். நமக்கு சிரிப்பு வந்துச்சு. அதனால அவரை காமெடின்னு ஒரு டப்பாவுலயும், குணச்சித்திரம்னு இன்னொரு டப்பாவுலயும் மாத்தி மாத்திப் போட்டோம். அவர் பண்ணினது ரெண்டு இடத்துலயும் ஒரே வேலைதான்.

எப்படி இந்த வித்தை வந்துச்சுன்னு பாத்தா, அவர் வந்த பாதையே கொஞ்சம் வித்தியாசமானது. 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிறந்தவர். ஊரு நெல்லைச் சீமையில வல்லநாடு. 1964ல இந்திய விமானப் படையில சேர்ந்து 1974 வரைக்கும், கிட்டத்தட்ட பத்து வருஷம் வேலை. பட்டாளத்துக்காரர்! அந்த உடம்பையும் சாது முகத்தையும் பாத்தா நம்ப முடியுதா? டெல்லியில தட்சிண பாரத நாடக சபாவுல நாடகம் போட்டார். பேருக்கு முன்னால டெல்லி வந்து ஒட்டிக்கிட்டது அப்படித்தான். அப்புறம் சென்னை வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவுல மேடை. 1977ல பாலசந்தரோட பட்டினப்பிரவேசம் மூலமா சினிமா. அதுவும் விசு எழுதின மேடை நாடகத்துலருந்து வந்த படம்தான். முதல் படம் வர்றப்போ வயசு 33. அந்த வயசுல ஹீரோ ஆகுற கனவு யாருக்கும் இருக்காது. நேரா அப்பா, மாமா, சித்தப்பாதான்.

இதுல ரெண்டு விஷயம் எனக்கு முக்கியமாப் படுது.

ஒண்ணு பட்டாளம். அங்க இருந்தவங்களுக்கு மேலதிகாரி முன்னாடி எப்படி நிக்கணும்னு உடம்புக்கே தெரியும். முதுகு எப்ப விறைக்கும், கை எங்க போகும், ஏச்சு வாங்குறப்ப கண்ணு எங்க பாக்கும்னு எல்லாம் பழகியிருக்கும். டெல்லி கணேஷ் நடிச்ச பாதி வேஷம் யாரோ ஒருத்தருக்குக் கீழ இருக்கிற ஆளு. காரியதரிசி, கணக்குப்பிள்ளை, பக்கவாத்தியம், கூடவே நிக்கிற அய்யர். முதலாளி வந்து நிக்கிறப்போ அந்த உடம்பு லேசா மாறும் பாருங்க, அதைப் பத்து வருஷம் யூனிஃபார்ம் போட்டவர் எங்க கத்துக்கிட்டிருப்பார்னு எனக்கு ஒரு ஊகம். ஊகம்தான், யாரும் சண்டைக்கு வராதீங்க.

இன்னொண்ணு மேடை. சினிமாவுல வசனம் இல்லாதவர் மேல கேமரா இருக்கணும்னு அவசியம் இல்லை. பேசுறவர் முகத்தைக் காட்டுவாங்க, வெட்டுவாங்க, போயிடுவாங்க. மேடையில வெட்டே கிடையாது. அடுத்தவர் ரெண்டு நிமிஷம் பேசினா நீங்க ரெண்டு நிமிஷமும் ஜனங்க கண்ணு முன்னாடி நிக்கணும். சும்மா நின்னா மரம் மாதிரி தெரியும். ஏதாவது சேஷ்டை பண்ணினா எதிர்ல இருக்கிறவர் வசனம் செத்துப் போகும். கேக்கணும். நிஜமாவே கேக்கணும். சபா நாடகத்துல அடிபட்டவங்களுக்கு மட்டும் வர்ற பழக்கம் இது. நம்ம ஆளு 400 படத்துல அதைத்தான் பண்ணினார்.

கிரிக்கெட் பாஷையில சொன்னா அவர் விக்கெட் கீப்பர். பௌலருக்கு கைதட்டு, பேட்ஸ்மேனுக்கு கைதட்டு. கீப்பர் நூறு பந்தை ஒழுங்காப் பிடிச்சா யாரும் கவனிக்க மாட்டாங்க. ஒண்ணு பைஸ் போனா மட்டும் திட்டு. கரகாட்டக்காரன் வாழைப்பழ காமெடியையே எடுத்துக்குங்க. செந்தில் சொல்ற பதிலை நாம முப்பது வருஷத்துக்கும் மேல சொல்லிக்கிட்டு இருக்கோம். ஆனா அந்த பதிலை வாங்கி வாங்கி ஏறுற கவுண்டமணியோட கொதிப்பு இல்லைன்னா அங்க காமெடியே கிடையாது. தில்லு முல்லுல ரஜினி அவிழ்த்து விடுற புளுகை எல்லாம் தேங்காய் சீனிவாசன் பயபக்தியோட நம்புறார் பாருங்க, படமே அந்த நம்பிக்கையிலதான் நிக்குது. வாங்குறவன் ஒழுங்கா வாங்கினாத்தான் குடுக்குறவனுக்கு மவுசு. இவங்க ரெண்டு பேராவது கொஞ்சம் சத்தமா வாங்கினாங்க. டெல்லி கணேஷ் சத்தமே இல்லாம வாங்கினார். அதனால கண்ணுக்கே தெரியலை.

"சும்மா ஓவரா தூக்காதீங்க பாஸ், நாகேஷ் எங்க இவர் எங்க"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவீங்க. வாங்க. நாகேஷ் ஒரு தனி ஜாதி, அதுல சந்தேகமே இல்லை. சர்வர் சுந்தரத்துல அவர் ஒரு படத்தையே தோள்ல தூக்கினார், திருவிளையாடல்ல தருமியா வந்து கொஞ்ச நேரத்துல சிவாஜியையே பக்கத்துல உக்கார வெச்சார். அந்த நாகேஷுக்கே தேசிய விருது எப்ப கிடைச்சது? 1994ல வந்த நம்மவருக்கு. துணை நடிகர்ங்கிற பேர்ல, அதுவும் பொண்ணைப் பறிகொடுத்த அப்பாவா அழுததுக்கு. சிரிக்க வெச்சதுக்கு இல்லை. டெல்லி கணேஷுக்கு கிடைச்ச பேர் சொல்ற மாதிரி அங்கீகாரம், 1979ல வந்த பசி படத்துக்குத் தமிழக அரசோட சிறப்புப் பரிசு, அப்புறம் 1994ல கலைமாமணி. அங்கயும் பாருங்க, பரிசு வந்த படம் பசி. சோகம்தான். சிரிப்புக்கு விருது குடுக்க நமக்குக் கையே வராது.

பசின்னதும் ஞாபகம் வருது. துரை இயக்கின படம். சென்னைக் குடிசைப் பகுதியில காகிதம் பொறுக்குற குப்பம்மாவா ஷோபா நடிச்சு, சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கின படம். அதுல குப்பம்மாவோட அப்பா, ரிக்‌ஷாக்காரர், டெல்லி கணேஷ். சினிமாவுக்கு வந்து ரெண்டே வருஷம். பூணூல் இல்லை, பஞ்சகச்சம் இல்லை, "ஏண்டா அம்பி" இல்லை. அழுக்கு லுங்கியும் சென்னைப் பாஷையும்தான். பாக்காதவங்க தேடிப் பிடிச்சுப் பாருங்க. அங்கயும் அதே விஷயம்தான். ஒண்ணுமே இல்லாத மனுஷன்கிட்டயும் மானம்னு ஒண்ணு மிச்சம் இருக்கு, அதுவும் போகப் போறப்போ அவன் என்ன ஆகுறான்னு காட்டுவார். மணி அய்யருக்கும் இந்த ரிக்‌ஷாக்காரருக்கும் உடம்புக்குள்ள ஓடுறது ஒரே பயம். ஒண்ணைப் பாத்து சிரிக்கிறோம், இன்னொண்ணைப் பாத்து அழறோம்.

1985ல சிந்து பைரவி. இதுல மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடிச்சிட்டு கச்சேரிக்கு வந்து ஜேகேபிகிட்ட அவமானப்படுற ஆளு. சிவகுமாரும் சுஹாசினியும் இளையராஜாவும் நிறைஞ்சு இருக்கிற படத்துல, கலைஞனோட வீழ்ச்சிக்கு முதல் எச்சரிக்கை மணி அடிக்கிறவர் இவர்தான். தன் பக்கவாத்தியக்காரனைக் குடிக்காகத் துரத்தின அதே ஜேகேபி பின்னால தானே குடியில விழறார். அந்த முரண் நமக்கு உறைக்கணும்னா குருமூர்த்தியோட அவமானம் மனசுல தங்கியிருக்கணும். தங்க வெச்சார் நம்ம ஆளு.

நாயகன்ல வேலு நாயக்கர் கூடவே நிக்கிற அய்யர். அபூர்வ சகோதரர்கள்ல நாலு வில்லன்ல ஒருத்தர். அவ்வை சண்முகியில சேதுராம அய்யர். தெனாலியில பஞ்சபூதம். இப்படி கமல் படங்கள்ல மட்டும் ஒரு பட்டியல் போகும். அதுக்குக் காரணம் நட்பு மட்டும்னு நான் நினைக்கலை. நல்லா அடிச்சு ஆடுறவனுக்கு எதிர்ல நல்லா நின்னு பந்தை வாங்குற ஆளு வேணும்.

இப்ப குறையையும் சொல்லணும், இல்லாட்டி இது ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆயிடும். தமிழ் சினிமா அவரை அய்யராக்கிடுச்சு. அதுல அவர் பங்கும் உண்டு. வந்ததை எல்லாம் நடிச்சார். 400 படத்துல பாதிக்கு மேல, "கல்யாணத்துக்கு ஒரு அய்யர் வேணுமா, கூப்பிடு டெல்லி கணேஷை"ன்னு எழுதின வேஷம்தான். அந்த வேஷத்துல பல நேரம் ஜோக்கே பாஷைதான். பிராமணத் தமிழ் பேசினா சிரிப்பு வரும்னு ஒரு சோம்பேறி நம்பிக்கை நம்ம வசனகர்த்தாக்களுக்கு ரொம்ப காலமா இருக்கு. நெல்லைத் தமிழுக்கும், கோயமுத்தூர்த் தமிழுக்கும், சென்னைப் பாஷைக்கும் இதே கதிதான். மனுஷனை எழுத சோம்பல், அதனால பாஷையை எழுதுறது. அந்த மாதிரி படங்கள்ல அவரைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும். வல்லநாட்டுல பொறந்த மனுஷன் பாலக்காட்டு மலையாள வாடையைப் பிடிச்சு மணி அய்யரை உயிரோட எழுப்பினார். அதே ஆளை வெறும் "ஏண்ணா"வுக்கு வீணடிச்சா எரிச்சல் வருமா வராதா?

இன்னொரு வயித்தெரிச்சல், காமெடி டிராக். கதை ஒரு பக்கம் ஓடும், காமெடி ஒரு பக்கம் ஓடும். ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. டிராக்கை வெட்டி எடுத்து காமெடி சேனல்ல தனியா ஓட்டலாம், ஒண்ணும் குறையாது. அந்த முறையில நல்ல காமெடியன்கள் வந்தாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா டெல்லி கணேஷ் மாதிரி ஆளுக்கு அங்க வேலையே கிடையாது. அவர் கதைக்குள்ள இருந்தாத்தான் சிரிப்பு. அவருக்கு இழக்க ஒரு வேலை, ஒரு பேரு, ஒரு பொண்ணு கல்யாணம்னு ஏதாவது இருக்கணும். அதைப் பிடுங்கிட்டு "சிரிக்க வை"ன்னா எப்படி?

டிவி அவரை வேற மாதிரி காப்பாத்துச்சு. சினிமாவுல கிடைச்ச நேரம் நிமிஷக் கணக்கு. சீரியல்ல அப்பா, மாமனார், தாத்தான்னு மாசக்கணக்குல வீட்டுக்குள்ள வந்து உக்காந்தார். சீரியலை நாம கிண்டல் பண்ணலாம், நானும் நிறைய பண்ணியிருக்கேன். ஆனா ஒருத்தர் பேச இன்னொருத்தர் கேக்குறதைத் தவிர சீரியல்ல வேற என்னங்க இருக்கு? கேக்கத் தெரிஞ்ச நடிகருக்கு அது ஒத்து வந்துச்சு. யூட்யூப் காலம் வந்ததும் அங்கயும் போயிட்டார். பேட்மேன் சென்னைக்காரரா இருந்தா எப்படி இருக்கும்னு பசங்க ஒரு வீடியோ எடுத்தாங்களே, அதுல ஆல்ஃப்ரெட் யாரு? நம்ம ஆளுதான் :) பேரன் வயசுப் பசங்க கூப்பிட்டாலும் வந்து நின்னிருக்கார், அதே பவ்யத்தோட.

இனிமேதான் நான் முக்கியமா சொல்ல வந்தது.

2021 ஆகஸ்ட்ல நெட்ஃபிளிக்ஸ்ல நவரசான்னு ஒன்பது குறும்படம் சேர்ந்து வந்துச்சு. அதுல ஒண்ணு பாயசம். வஸந்த் இயக்கம். தி.ஜானகிராமன் எழுதின சிறுகதை. ஒன்பது ரசத்துல இதுக்கு ஒதுக்கினது அருவருப்பு. சாமநாதுன்னு ஒரு கிழவர். அண்ணன் பையன் சுப்பராயன் வாழ்க்கையில ஓஹோன்னு இருக்கான். ஊரே அவனைக் கொண்டாடுது. அவன் வீட்ல கல்யாணம். சாமநாது வீட்லயோ சின்ன வயசுலயே புருஷனைப் பறிகொடுத்த பொண்ணு. பொண்டாட்டி செத்துப் போயிட்டா, இவர் மனசுக்குள்ள அவகிட்ட பேசிக்கிட்டு இருக்கார். பொறாமை தின்னுது. கடைசியில கல்யாணத்துக்குக் காய்ச்சி வெச்ச பாயசத்தைத் தவலையோட கவிழ்த்து விட்டுடறார். கேட்டா, உள்ள எலி விழுந்துடுச்சாம். அந்தப் பொய்யை ஊர் நம்புது. பெத்த பொண்ணு மட்டும் ஒரு பார்வை பாக்குறா.

சாமநாது, டெல்லி கணேஷ். வயசு 77.

பாத்துக்கிட்டு இருந்தப்பவே எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு. இது அதே இடம்! அதே கல்யாணம், அதே சமையல்கட்டு, அதே பெரிய பாத்திரம். 1990ல அந்தப் பாத்திரத்துக்குள்ள நிஜமாவே மீன் இருந்துச்சு, மணி அய்யர் இல்லைங்கிற மாதிரி நடிக்கணும். 2021ல அந்தப் பாத்திரத்துக்குள்ள ஒண்ணுமே இல்லை, சாமநாது இருந்துச்சுன்னு நடிக்கணும். முன்னது ஒரு கல்யாணம் கெட்டுடக் கூடாதேன்னு ஒருத்தன் படுற பாடு. பின்னது ஒரு கல்யாணம் கெட்டாத்தான் தன் வயிறு குளிரும்னு ஒருத்தன் பண்ற காரியம். நடுவுல 31 வருஷம். முகம் ஒண்ணு.

சாமநாதுவை வில்லனா நடிக்க எத்தனையோ பேர் இருக்காங்க. புருவத்தை நெறிச்சு, பல்லைக் கடிச்சு, முடிஞ்சுது. இவர் அப்படிப் பண்ணலை. கல்யாண வீட்டுக்குள்ள நடக்குறப்பவே எந்த நிமிஷமும் யாராவது நம்மளை மட்டம் தட்டிடுவாங்களோங்கிற ஒரு கூச்சம் அவர் தோள்லயே இருக்கு. அந்தக் கூச்சம்தான் புளிச்சுப் புளிச்சு விஷம் ஆகுது. வாழ்நாள் பூரா மானத்துக்குப் பயந்த மனுஷனா நடிச்சவருக்குத்தான், அந்தப் பயம் கெட்டுப் போனா எப்படி இருக்கும்னு காட்ட முடியும். மணி அய்யரைப் பாத்து சிரிச்ச நமக்கு சாமநாதுவைப் பாத்து குமட்டுது. ரெண்டு பேரையும் ஒரே சரக்குலருந்துதான் செஞ்சிருக்கார்.

அந்தப் படத்தை அப்பாவோட சேர்ந்துதான் பாத்தேன். லேப்டாப்பை ஸ்டூல் மேல வெச்சு, அவருக்கு சத்தம் பத்தலைன்னு ஸ்பீக்கர் மாட்டி. இந்தத் தடவை அவர் எழுந்து போகலை. முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறமா, அதுவரைக்கும் அத்தை வாயால மட்டுமே நான் கேட்டிருந்த கதையை அவரே சொன்னார்.

எங்க சின்ன அத்தை கல்யாணம். தாத்தா அப்பவே இல்லை. அப்பாவுக்கு 26 வயசு, அவர்தான் பொறுப்பு. மூணாவது பந்தியில சாம்பார் தீந்து போச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க இலையில உக்காந்தாச்சு. தவசுப்பிள்ளை வெந்நியும் புளியும் விட்டு ஏதோ சமாளிச்சிருக்கார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருத்தர் வாயில வெச்சிட்டு, சத்தமா ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். அது என்ன வார்த்தைன்னு இன்னைக்கு வரைக்கும் அப்பா சொன்னதில்லை. அவர் கையில பரிமாற வாளியோட சிரிச்சுக்கிட்டே நின்னாராம். "சிரிச்சேன்டா. வேற என்ன பண்றது?"

நான் ஒண்ணும் பேசலை. அவரே திரும்பவும் சொன்னார்.

"அது கூடப் பரவாயில்லைடா. அன்னைக்கு அடுப்படி வாசல்ல நம்ம சொந்தக்காரர் ஒருத்தர் நின்னுக்கிட்டு இருந்தார். அவர் மொகத்துலயும் ஒரு சிரிப்பு இருந்துச்சு. அது வேற சிரிப்பு. இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்கு இந்த ஆளு மொகத்துலதான் அதைத் திரும்பப் பாத்தேன்."

யாருப்பா அதுன்னு நான் கேக்கலை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு நடிகரைப் பத்தி இதைவிட என்ன பெரிசா சொல்லிட முடியும்னு எனக்குத் தெரியலை. ஒரே கல்யாணத்துல அவமானப்பட்டவர் முகத்தையும் வெச்சிருந்தார், அதைப் பாத்து சந்தோஷப்பட்டவர் முகத்தையும் வெச்சிருந்தார். எங்கப்பா ரெண்டு முகத்தையும் அடையாளம் கண்டுபிடிச்சார். விருதுக் கமிட்டிக்குத்தான் கடைசி வரைக்கும் தெரியலை.

அதனால மக்களே, அடுத்த தடவை மீன் சீன் வந்தா தாராளமா சிரிங்க. நான் இப்பவும் சிரிக்கிறேன். ஆனா சிரிச்சு முடிச்சிட்டு அதே வாரத்துல பாயசத்தையும் ஒரு தடவை பாருங்க, கூடவே பசியையும். மூணையும் பாத்துட்டு "அட, அந்த மாமாவா"ன்னு உங்களால சொல்ல முடிஞ்சா, இங்க வந்து என்னைத் திட்டுங்க. வாங்கிக்கிறேன்.

டிஸ்கி 1: அவர் நடிச்சதுல உங்க மனசுல நின்ன வேற சீன் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. மீன் சீனைத் தவிர :)

டிஸ்கி 2: தி.ஜா. கதையை இதுவரைக்கும் படிக்காதவங்க, படத்துக்கு முன்னாடி கதையைப் படிங்க. படம் பாத்துட்டுப் படிச்சா சாமநாதுவுக்கு டெல்லி கணேஷ் முகம் ஒட்டிக்கும். எனக்கு ஒட்டிக்கிச்சு, இனிமே போகாது.